கூட்டம் முடிந்த பிறகு

சபையில் வாலிபர் ஊழியம் செய்கிற எனக்கு, வாலிபர் கூடுகையில் முக்கியமான நேரம், கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் ஆமென் சொன்ன பிறகு வருகிற அரை மணி நேரம்தான். பாட்டு, விளையாட்டு, வேதபாடம், குழுப் பேச்சு எல்லாவற்றுக்கும் வாரம் முழுக்க உட்கார்ந்து தயார் செய்கிறேன். அவை இல்லாமல் யாரும் வரப்போவதும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை தன் மனதில் இருப்பதை என்னிடம் சொல்ல நினைத்தால், அது பெரும்பாலும் நாற்காலி மடக்கும் நேரத்தில்தான் வெளியே வரும்.

பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். வாசலில் பெற்றோர் காத்திருப்பார்கள். கிட்டார் வாசிக்கிறவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான். அப்போது ஒருவன் மைக் ஸ்டாண்டைக் கையில் பிடித்தபடி, "அண்ணா, இதை எங்க வைக்கணும்?" என்று வந்து நிற்பான். வருஷக்கணக்காக இங்கே வந்துகொண்டிருக்கும் பையன். ஸ்டாண்ட் இருக்கும் இடம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். "அலமாரிக்குப் பின்னால வைடா. வச்சிட்டு வா, இந்த வரிசையை ரெண்டு பேருமா எடுத்துடலாம்" என்பேன். நாலைந்து நாற்காலி வரைக்கும் பேச்சு இருக்காது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "வீட்ல கொஞ்சம் சரியில்லண்ணா" என்பான்.

மேசைக்கு எதிரே உட்கார வைத்து "சொல்லுப்பா, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பதினாறு வயதுப் பிள்ளை "ஒண்ணுமில்லண்ணா" என்றுதான் சொல்லும். கைக்கு ஒரு வேலை இருந்து, கண் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் வாய் திறக்கும். நாற்காலி அடுக்க ஆள் போட்டுவிடலாமே என்று சபைக் குழுவில் ஒருவர் அக்கறையோடு சொன்னார். வேண்டாம் என்றேன். காரணத்தை விளக்கவில்லை. விளக்கினால் அது கூட்டக் குறிப்பில் ஏறி, அடுத்த மாதமே "நாற்காலி ஊழியம்" என்று ஒரு பொறுப்பாளரை நியமித்துவிடுவார்கள்.

இந்த ஊழியம் தொடங்கியதே இப்படிப்பட்ட மிச்ச நேரங்களில்தான். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ரைக்ஸ் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய இறையியல் காரணம் தேட வேண்டியதில்லை. மற்ற ஆறு நாளும் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். மிச்சமிருந்தது அந்த ஒரு நாள். 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது வயது 22. துணிக்கடை ஊழியர். கடையிலேயே தங்கி, விடிந்ததிலிருந்து இரவு வரை வேலை பார்த்து, கடை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில் சக ஊழியர்களோடு மாடி அறையில் கூடி ஜெபித்தவர். ஊழியப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பெயர்களையும் வருஷங்களையும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அவர்கள் எந்த நேரத்தைப் பிடித்தார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்வதில்லை.

ஆகவே என் வேலை நேரம் என்பது மற்றவர்களின் ஓய்வு நேரம். பள்ளியும் டியூஷனும் கல்லூரியும் அலுவலகமும் முடிந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். "மற்ற நாள்ல என்ன பண்ணுவீங்க பிரதர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் கொஞ்சம் பொறாமை இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டே இருப்பேன் என்று நினைப்பு. பகலில் நான் செய்வதில் பெரும்பங்கு குமாஸ்தா வேலை: மண்டபச் சாவி யாரிடம் என்று விசாரிப்பது, வேன்காரரிடம் நேரம் பேசுவது, பெற்றோர் கையெழுத்துப் போடாமல் அனுப்பிய படிவத்தைத் திருப்பி அனுப்புவது, ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் தேடுவது, ப்ரொஜெக்டரின் ரிமோட்டைத் தேடுவது. ரிமோட் தேடுவதில் செலவான என் ஆயுளை யாராவது திருப்பித் தந்தால் ஒரு முழு வேத வியாக்கியானம் எழுதிவிடுவேன்.

இந்தக் காகித வேலையில் ஒன்றை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன். வருகைப் பதிவேடு. வந்தவர்களை எண்ணுவது எளிது, அதைத்தான் சபைக் குழுவும் கேட்கிறது. நான் அதைத் திருப்பிப் போட்டு வாசிப்பேன்: யார் வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை, அவனோடு ஒட்டிக்கொண்டே வருபவன் மட்டும் ஏன் தனியாக வந்தான். இரண்டு வாரம் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு செய்தி அனுப்புவேன். "ஏன் வரல?" என்று கேட்க மாட்டேன். அந்தக் கேள்விக்கு அவன் வீட்டில், பள்ளியில், எல்லா இடத்திலும் பதில் சொல்லிச் சலித்திருப்பான். "கெமிஸ்ட்ரி பரீட்சை எப்படிப் போச்சு?" என்றோ "பாட்டிக்கு இப்போ பரவாயில்லையா?" என்றோ கேட்பேன். அதற்கு அவன் போன மாதம் சொன்னது எனக்கு நினைவிருக்க வேண்டும். என் ஞாபகசக்தியை நம்பாமல் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

பரீட்சைக் காலத்தில் கூட்டம் பாதியாகும். வாலிபர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று மூத்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிள்ளைகளுக்கு விசுவாசம் குறையவில்லை, தூக்கம் குறைந்திருக்கிறது. அந்த மாதங்களில் கூடுகையை முக்கால் மணி நேரமாகச் சுருக்கிவிடுவேன். பேச்சும் சிறிதாகும். பேச்சு நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்திலேயே சாட்சி இருக்கிறது. துரோவா பட்டணத்து மேல்வீட்டில் பவுல் நள்ளிரவு வரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி விழுந்து, மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்விட்டான். வாலிபர் ஊழியர்கள் எல்லாருடைய மேசையிலும் அவன் படம் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. பவுல் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார், உயிர் இருக்கிறது என்றார். பிறகு மேலே ஏறிப் போய் விடியும்வரை பேசினார். அந்தப் பகுதியைப் பின்பற்ற நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை.

நாற்காலி மடக்கும் நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலையின் கனம் அங்கேதான். அங்கே ஒரு கேள்வி அடிக்கடி வரும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணா, அப்பத்தான் சொல்வேன்."

சத்தியம் செய்ய ஆசையாக இருக்கும். செய்தால் அந்தப் பிள்ளையின் முழு நம்பிக்கையும் அந்த நொடியே கிடைத்துவிடும். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: அந்தச் சத்தியத்தைச் செய்யாதே. நான் சொல்லும் பதில் ஏறக்குறைய இதுவாக இருக்கும். "சத்தியம் பண்ண மாட்டேன். நீ சொல்றதை ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிய மாட்டேன், அது உனக்கே தெரியும். ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, உன்னை யாராவது துன்புறுத்துறாங்கன்னா, நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட மறைக்க மாட்டேன்." இதைக் கேட்டுவிட்டு "அப்ப வேணாம், விடுங்க" என்று போனவர்களும் உண்டு. அவர்களில் சிலர் அடுத்த வாரம் மறுபடி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். வரம்பை முதலிலேயே சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பிள்ளைகளோ தங்களிடம் நேராகப் பேசும் ஆளை எப்போதும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பெரும்பாலானவை சாதாரணமானவை: மார்க், காதல், அப்பாவின் கோபம், நண்பன் பேசாமல் போனது. சாதாரணம் என்பது எனக்கு. அவர்களுக்கு அந்த வாரத்தில் அதுதான் உலகம். சில நேரம் அதற்கு அடியில் வேறு ஏதோ இருக்கும். "எல்லாம் போதும்னு தோணுதுண்ணா" என்று ஒரு குரல் தட்டையாக வந்தால், நான் சுற்றி வளைப்பதில்லை. "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டுவிடுவேன். அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று சபைகளில் பலர் நடுங்குகிறார்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்டபின் பலருக்கு ஒரு பாரம் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் இறப்பதற்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. என் பதிவேட்டில் இருக்கும் அத்தனை பெயர்களும் அந்த வயதுக்குள் இருக்கிறார்கள், அல்லது அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்றைக்கு என் வேறு எந்த வேலையும் நடக்காது. அந்தப் பிள்ளையைத் தனியாக விட மாட்டேன். பெற்றோரைக் கூப்பிடுவோம். பெற்றோரே பிரச்சினை என்றால் நம்பிக்கையான வேறொரு பெரியவரை. மருத்துவரிடம் அழைத்துப் போவோம். ஜெபிக்கவும் செய்வோம், அந்த வரிசையில் எங்கே ஜெபம் வந்தாலும் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஜெபம் போதாதா, டாக்டர் எதுக்கு?" என்று கேட்பவரிடம் உங்கள் மூக்குக்கண்ணாடியை நீங்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை, இதுவரை.

நான் ஆலோசகர் படிப்புப் படித்தவன் கிடையாது. எங்கே என் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்குகிறது என்று தெரிந்துகொள்வதுதான் என்னிடம் எதிர்பார்க்கப்படும் படிப்பு.

இன்னொரு சங்கதி. பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும், ஆனால் தனியாக இருக்கக் கூடாது. இதுதான் விதி. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரின் கண் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், காது எட்டும் தூரம் தேவையில்லை. ஒரே ஒரு பிள்ளையை என் வண்டியில் ஏற்றி வீட்டில் விட மாட்டேன். நடுராத்திரி தனிச் செய்திகள் இல்லை. பெண் பிள்ளைகளின் பேச்சுக்குச் சகோதரி ஒருவர் இருப்பார். "எங்க பிரதர் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் இதைக் கேட்டுப் புண்படுவார்கள். என் மேல் சந்தேகப்படும் விதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. நல்ல பெயரை மட்டும் நம்பி விதிகளைத் தளர்த்திய இடங்களில்தான் சபைகள் பிள்ளைகளைக் கைவிட்டிருக்கின்றன. மேலே சொன்னேனே, நாற்காலி மடக்குவது. மண்டபம் முழுக்க விளக்கு எரியும், ஓரத்தில் நாலு பேர் நடமாடுவார்கள், ஆனாலும் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அந்த விதிக்கு அதைவிடப் பொருத்தமான அறையை யாரும் கட்டித் தர முடியாது.

பெற்றோருக்கு என்னிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, "நீங்க சொன்னா கேப்பான் பிரதர்." முடி வெட்டச் சொல்ல, போனைக் குறைக்கச் சொல்ல, இன்ன படிப்பை எடுக்கச் சொல்ல. நான் சொன்னால் கேட்பான் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை முடி வெட்டச் சொல்வதில் செலவழித்துவிட்டால் வேறொரு நாள் தேவைப்படும்போது கையில் இருக்காது. இரண்டாவது, "அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?" இதைக் கேட்கும் தாயின் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வராது. "ஆபத்தா எதுவும் இல்லக்கா, இருந்தா நானே உங்ககிட்ட வந்திருப்பேன். நீங்க அவன்கிட்ட பேசுங்க. சமையல் பண்ணும்போது பக்கத்துல வேலை கொடுத்துப் பேசுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்பேன்.

சபைக்குள் இருக்கும் மூத்தவர்களின் கதை தனி. இத்தாலியக் கத்தோலிக்கக் குரு டான் பாஸ்கோ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் ஒரு சம்பவம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1841 டிசம்பர் 8, டூரின் நகரம். அவர் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அறையில் ஒரு பையன் வந்து நிற்கிறான். கொத்தனார் வேலைக்காக வந்த அனாதை, எழுதப் படிக்கத் தெரியாதவன். பூசைக்கு உதவி செய்யச் சொல்கிறார் கோவில்பிள்ளை, அதாவது ஆலய வேலைகளைக் கவனிக்கிறவர். தெரியாது என்கிறான் பையன். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கம்பை எடுத்து அடித்து விரட்டுகிறார். டான் பாஸ்கோ அவரைக் கண்டித்து, அவன் என் நண்பன், அவனைக் கூப்பிடுங்கள் என்கிறார். அந்த உரையாடலிலிருந்துதான் தன் பணி தொடங்கியதாக அவர் எழுதுகிறார். ஆயிரக்கணக்கான பள்ளிகளும் இளைஞர் இல்லங்களும் பின்னால் வந்தன.

கம்போடு நிற்கும் கோவில்பிள்ளை எல்லாச் சபையிலும் இருக்கிறார். இப்போது கம்பு இல்லை, பார்வை இருக்கிறது. சட்டையில் எழுதியிருக்கும் வாசகத்தைப் பார்ப்பார், ட்ரம்ஸ் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார், பின்வரிசையில் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்ப்பார். அவரோடு சண்டை போடுவதால் பயனில்லை என்பது என் அனுபவம். அவரும் இந்தச் சபையில் ஒரு காலத்தில் பின்வரிசை வாலிபராக இருந்தவர்தான். ஒருவரிடம், "ஐயா, எங்க பசங்களுக்கு உங்க வாலிப நாளைப் பத்திப் பேசுங்க" என்று மேடை கொடுத்தேன். அந்தக் காலத்தில் போதகருக்குத் தெரியாமல் மணிக்கூண்டில் ஏறியதைச் சொல்லிச் சிரித்தார். இப்போது ட்ரம்ஸ் சத்தம் அவருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறதாம்.

முகாம் பற்றி எழுதாவிட்டால் என் வாலிபர்கள் மன்னிக்க மாட்டார்கள், ஆகவே சுருக்கமாக. முகாம் என்றால் எல்லாருக்கும் நினைவிருப்பது கடைசி இரவு: தீமூட்டம், பாட்டு, அழுகை, அர்ப்பணிப்புக்கு எழுந்து நிற்பவர்கள். எனக்கு நினைவிருப்பது ஒவ்வாமை இருப்பவர்களின் பட்டியலும், இன்ஹேலர் எந்தப் பையில் என்பதும், அறையில் ஆள் எண்ணி மறுபடி எண்ணுவதும். அந்த இரவின் கண்ணீரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தூக்கமில்லாத மூன்று நாளுக்குப் பிறகு யாருக்கும் கண்ணீர் வரும் என்பதையும் மறக்க மாட்டேன். எழுந்து நின்றவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பேன். "அன்னிக்கு எழுந்து நின்னியே, எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?" பலருக்கு இருக்கும். சிலர் வெட்கத்தோடு, "எல்லாரும் நின்னாங்க, அதான்" என்பார்கள். அந்தப் பதிலையும் நான் மதிக்கிறேன். அவர்களோடுதான் பேச்சு நன்றாகப் போகும்.

பிறகு அவர்கள் போய்விடுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கல்லூரிக்கோ வேலைக்கோ வேறு ஊருக்குப் போனபின் பலர் எந்தச் சபைக்கும் போவதில்லை. சபைக் குழுவில் ஆண்டறிக்கை வாசிக்கும்போது இந்தக் கேள்வி வரும்: இவ்வளவு செலவழித்தும் ஏன் தங்கவில்லை? நான் யோவான் மாற்குவைத் துணைக்குக் கூப்பிடுவேன். பவுலோடும் பர்னபாவோடும் கிளம்பி, பெர்கேயில் பாதியில் விட்டுத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போவதா என்பதில் இரண்டு பெரியவர்களும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். பவுல் முடியாது என்றார், பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். பல வருஷம் கழித்து இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுவது அதே பவுல். இடைப்பட்ட வருஷங்களில் மாற்கு எந்தப் பதிவேட்டில் இருந்தான் என்று குழுவைக் கேட்பேன். செலவுக் கணக்குக்கு இது பதிலாகாது என்று பொருளாளர் சொல்வார். அவர் சொல்வதும் சரி.

1881இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ எண்டவர் சங்கத்தைத் தொடங்கியபோது வாலிபர்களிடம் ஓர் உறுதிமொழி கேட்டார். கூட்டத்துக்கு வந்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் எதிலாவது பங்கெடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பிள்ளைகளிடம் அவ்வளவு எதிர்பார்ப்பது அதிகம் என்று நினைக்கலாம். அந்தச் சங்கம் சில வருஷங்களில் பல நாடுகளுக்குப் பரவியது. பொறுப்பு கொடுத்தால் பிள்ளைகள் நிற்பார்கள் என்பதை நான் ஏற்கிறேன். என் சிக்கல் வேறு: பொறுப்பில் இருப்பவனுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

எங்கள் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் பையன் ஒரு நாள் எனக்குச் செய்தி அனுப்பினான். "அண்ணா, கடவுள் இருக்காரான்னே எனக்குத் தெரியல. இனி வாசிக்கலாமா கூடாதா?" மறுநாள் மண்டபத்துக்கு வரச் சொன்னேன். அவன் நிறைய வாசித்திருந்தான், நன்றாகவே யோசித்திருந்தான். அவன் கேட்டதில் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது, மீதிக்கு இல்லை என்று சொன்னேன். அவன் எதிர்பார்க்காதது அந்த இரண்டாவது பகுதி என்று நினைக்கிறேன். விஷயம் எப்படியோ குழுவுக்குத் தெரிந்து, விசுவாசமில்லாதவனை ஆராதனையில் வாசிக்க விடலாமா என்று விவாதம் நடந்தது. அவன் பிரசங்கம் செய்யவில்லை, தாளம் போடுகிறான் என்றேன். கேள்வி கேட்பவனை மேடையிலிருந்து இறக்கினால், கேள்வி இருக்கும் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். போதகர் என் பக்கம் நின்றார்.

அவன் இன்னும் வாசிக்கிறான். சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. மாதம் ஒரு முறை புதிதாக ஏதாவது கேள்வியோடு வருவான், நானும் தேடி வாசித்துவிட்டுப் போவேன். பாடகர் குழுவின் புகார் இப்போது வேறு: பாமாலை என்னும் பழைய பாட்டுப் புத்தகத்தின் பாட்டுகளுக்கு அவன் தாளம் வேகமாகப் போகிறதாம். அதற்காக அடுத்த வாரம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள்.